முட்டை வண்டியின் கிளட்ச்

மூன்றாவது தடவையும் அதே நாற்றத்தோடு அண்ணனின் வண்டி பட்டறைக்குள் வந்தபோது, எனக்கு அழுவதா, கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் அது. ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சோப்பு போட்டுக் குளித்தாலும் போகாது. போன தடவை நானே பார்த்துப் பார்த்துப் போட்ட பிளேட். பட்டறையில் வேறு இரண்டு வண்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

“ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது பாப்பா,” என்றபடி அண்ணன் இறங்கினான். “இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல. கியர் மாத்தினா குதிக்குது.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே.”

“போன தடவையும் இதுதானே நடந்துச்சு?”

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, தலையில் நரையும் கிரீஸும் போட்டி போடுகின்றன, ஊரில் பாதி வண்டிகளின் வயிற்றுக்குள் என் கை போய் வந்திருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் நான் இன்னும் பாப்பா.

அண்ணன் ஓட்டுவது முட்டை வண்டி. கீழே பண்ணையில் முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் போய் மலைமேல் கடைகளில் இறக்க வேண்டும். வண்டி பழசு, அண்ணியைக் கட்டுவதற்கு முன்னால் வாங்கியது. “எனக்கு முன்னாடி வந்த மூத்தவ” என்று அண்ணி அதைச் சொல்வாள். மற்ற டிரைவர்கள் அண்ணனுக்கு வைத்த பெயர் மெத்தை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனால் மெத்தையில் படுத்திருப்பதுபோல் இருக்குமாம். எப்போது கியர் மாற்றினான் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவன் வண்டியில் உடைந்த முட்டையை ஒரு சட்டியில் அடக்கிவிடலாம் என்று பண்ணைக்காரரே சொல்லியிருக்கிறார்.

அதே பண்ணைக்காரர் இப்போது வேறு மாதிரி பேசுகிறார். கொஞ்ச நாளாக ஒவ்வொரு லோடிலும் தட்டுத் தட்டாக உடைகிறது. நேற்று அவர் அண்ணனை உட்காரக்கூடச் சொல்லாமல், “வண்டியைச் சரி பண்ணுங்க, இல்ல நான் வேற வண்டி பாத்துக்கறேன். அடுத்த லோடு வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டாராம்.

“வண்டியைத்தானே சொன்னார்? உன்னைச் சொல்லலையே?” என்றேன்.

“வண்டி வேற, நான் வேறயா?” என்றான் அண்ணன். “ஓட்டுறதை விட்டா எனக்கு என்ன தெரியும் சொல்லு. வீட்டுல உக்காந்தேன்னா உங்கண்ணி என்னைத் தூசி தட்டி ஷெல்ஃப்ல எடுத்து வச்சுடுவா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இன்ஜின் சுற்றுவதைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கிளட்ச்தான். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். பிளேட் தேய்ந்துவிட்டால் ஒட்டுவதுபோல் பாசாங்கு செய்யும், ஒட்டாது. இன்ஜின் ஒரு பக்கம் கத்தும், சக்கரம் ஒரு பக்கம் சோம்பல் முறிக்கும். பிளேட் சீக்கிரம் தேய நூறு காரணம் சொல்வார்கள். அதில் தொண்ணூறு, ஓட்டுகிறவனின் இடது கால். கியர் மாற்றியதும் காலைக் கீழே வைக்காமல் பெடல் மேலேயே ஓய்வெடுக்க விடுகிற காலுக்கு எந்தப் பிளேட்டும் தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்காக என் வீட்டுக்காரர் பட்டறைச் சுவரில் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்: ‘கிளட்ச் மேல் கால் வைத்து ஓட்டுபவர்களுக்கு நன்றி. மீண்டும் மீண்டும் வருக.’

வேறு யார் வண்டியாக இருந்தாலும், கருகிய பிளேட்டோடு வந்தால் நான் முதலில் வண்டிக்கு அடியில் போகமாட்டேன். ஆளை சீட்டில் உட்கார வைத்துக் காலைப் பார்ப்பேன். கத்துவேன். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமெல்லாம் என் வாய்க்குக் கிடையாது. ஆனால் இது அண்ணன் வண்டி. மெத்தையின் காலையா சந்தேகப்படுவது? அது என் புத்தியிலேயே ஏறவில்லை. நேராக அடியில் போய்ப் படுத்தேன்.

அன்று முழுக்க இருப்பு கொள்ளவில்லை. கியர் பாக்ஸை இறக்கினேன். பிளேட் கறுத்து, ஓரம் நொறுங்கி, தட்டினால் மாவாக உதிர்ந்தது. இன்ஜின் பின்பக்கம் எண்ணெய் ஒழுகி அதில் பட்டிருக்குமோ என்று விரல் விட்டுத் தடவினேன். காய்ந்து கிடந்தது. பெடலை விட்டதும் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று மிதித்து மிதித்துப் பார்த்தேன். சமத்தாகத் திரும்பியது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள், பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள், ஒன்று விடவில்லை. இரண்டு தடவை கைகழுவிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் பாதியில் எழுந்து ஓடினேன். டீ ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்கியபோது, ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஷாஃப்ட்டின் மூட்டில் சிலுவை மாதிரி இருக்கும் கிராஸ் கொஞ்சம் ஆடியது.

“கெடச்சிடுச்சு!” என்று அடியில் இருந்தே கத்தினேன். புதையல் எடுத்தவள்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டாள்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த லேத் நின்றது. லேத் என் வீட்டுக்காரருடையது. நான் கழற்றுவதை அவர் கடைவார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

“கிராஸ் ஆடினா டக்டக்குன்னு சத்தம் வரும்,” என்றார். “பிளேட் எப்படிக் கருகும்?”

“எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு தொடர்புதான்.”

“என்ன தொடர்பு?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தொடர்பு இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்ததை அடுத்தவர் வாயால் கேட்பது இருக்கிறதே, அது தனி எரிச்சல். அவர் விடவில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்தை, பிளேட் உரசுகிற அந்த முகத்தை, போன தடவை அவர்தான் லேத்தில் ஏற்றி வழவழவென்று கடைந்து கொடுத்திருந்தார். இப்போது அதில் நீல நீலமாகத் திட்டுகள். சூட்டில் வெந்த இரும்பின் நிறம்.

“இது ஒரே நாள்ல வெந்தது இல்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்கு,” என்றார். “மச்சான் காலைப் பாத்தியா?”

“எங்கண்ணன் காலை நீங்க சொல்றீங்களா?”

“நான் சொல்லல. இரும்பு சொல்லுது.”

“உங்க இரும்பைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க.”

போய்விட்டார். லேத் மறுபடி ஓட ஆரம்பித்தது. எனக்குத்தான் மனசு நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அண்ணனால். பெண்பிள்ளை வண்டிக்கு அடியில் படுப்பதைப் பார்த்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது, ‘என் வண்டியை என் தங்கச்சிதான் தொடுவா, வேற யாரும் தொடக்கூடாது’ என்று நடுத்தெருவில் நின்று சொன்னவன். அவனைப் போய் சீட்டில் உட்கார வைத்துக் காலைப் பார்ப்பதா? நாக்கு அழுகிவிடாதா?

சாயங்காலம் அண்ணியும் அண்ணனோடு வந்தாள். அண்ணி வந்தால் பட்டறையே கலகலக்கும். ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, “மூத்தவளுக்கு இப்ப என்ன நோவாம்?” என்றாள்.

“வயசாயிடுச்சு அண்ணி.”

“அவளுக்கு மட்டுமா? உங்கண்ணனைக் கேளு. போன வாரம் கடைக்குப் போனவர் ஒத்தச் செருப்போட வீட்டு வாசல்ல வந்து நிக்கிறார். இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா, குனிஞ்சு பாக்கிறார். அப்பதான் தெரியுதாம் காலு வெறுங்காலுன்னு! நான் தெரு முழுக்கத் தேடிக்கிட்டுப் போய், முக்குல கெடந்ததை எடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் இந்த ஷூவை வாங்கி மாட்டி விட்டேன். கயிறு போட்டுக் கட்டினா ஓடாதில்ல?”

வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணனும் சிரித்தான். “யோசனையில வந்தேன்டி, விடு” என்றபடி ஷூவைக் கழற்றி, கயிற்றைத் தளர்த்தி மறுபடி மாட்டிக்கொண்டான். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போன பிறகு, வீட்டுக்காரர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டே கேட்டார்: “வெறுங்காலோட அந்தத் தார் ரோட்டுல நடந்தா சுடாது?”

“யோசனையில வந்தேன்னு அதான் சொன்னாரே.”

“சுட்டா யோசனை நின்னுடுமே.”

சாவியை வாங்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஆனால் அந்தக் கேள்வி சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி என்னோடேயே வீட்டுக்கு வந்தது. சாப்பிடும்போது ஊர்ந்தது, பாத்திரம் கழுவும்போது கடித்தது. அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறான், யாருக்குத்தான் இல்லை? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிராஸ்தான் காரணம், கிராஸ்தான் காரணம் என்று கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதுப் பிளேட், புதுக் கிராஸ் எல்லாம் போட்டு கியர் பாக்ஸை மறுபடி ஏற்றி முடித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நாலாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டேன். பிடிப்பு சரியாக இருந்தால் இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிட வேண்டும். விக்கல் எடுத்தாற்போல் குலுங்கி நின்றது. இதைவிட நல்ல கிளட்ச் எந்தப் புது வண்டியிலும் இருக்காது. அதுதான் பயமாக இருந்தது. என் கையில் இருக்கும்வரை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

லோடு ஏற்ற அண்ணன் கிளம்பியபோது நானும் ஏறி உட்கார்ந்தேன்.

“நீ எங்கே வர்றே?”

“சும்மா. சத்தம் வருதான்னு பாக்க.”

“என் மேல சந்தேகமா?”

“வண்டி மேல.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சாவியைத் திருகினான்.

பண்ணையில் தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கயிறு கட்டினார்கள். பண்ணைக்காரர் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “தங்கச்சியும் போறாங்களா? நல்லது, நல்லது,” என்றார். அந்த இரண்டாவது ‘நல்லது’ எனக்குப் பிடிக்கவில்லை.

சமதரையில் வண்டி தேனாகப் போனது. அண்ணன் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, “பாத்தியா? உன் கைராசி!” என்றான். என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு தாண்டியதும் மூக்கு சொல்லிவிட்டது. லேசாகத்தான். பக்கத்து வீட்டில் எதுவோ தீய்வதுபோல்.

“பேரிங் சத்தம் கேட்டுப் பாக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு குனிந்து அவன் கால் பக்கம் வெளிச்சத்தை அடித்தேன்.

இடது கால் பெடல் மேல் இருந்தது. மிதிக்கவில்லை. வேலை முடிந்து திண்டில் சாய்ந்தவன்போல் முழுக் கனத்தையும் பெடல்மேல் போட்டுக்கொண்டு அது பாட்டுக்கு இருந்தது. பெடல் ஒரு விரல்கடை அமுங்கியிருந்தது.

வேறு யார் காலாக இருந்தாலும் இந்நேரம் மலையே அதிர்ந்திருக்கும்.

“அண்ணே, கிளட்ச்சுல இருந்து காலை எடு.”

“எடுத்துட்டேனே.”

“பெடல் மேல இருக்கு.”

“கீழ இருக்கு பாப்பா. கியர் மாத்தினதுமே கீழ வச்சுட்டேன்.”

“அண்ணே, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்! பெடல் மேலதான் இருக்கு!”

“உனக்கென்ன பைத்தியமா?” என்று குனிந்து பார்த்தான்.

பார்த்த அந்தக் கணத்தில் முன்சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டது. பின்னால் தட்டுகள் சரிந்தன. இன்ஜின் ஒருமுறை உச்சத்தில் கத்தியது, வண்டி முன்னால் பாய்ந்தது. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்தது. ஓரத்துக் கல் ஒன்றில் உரசிக்கொண்டு நின்றோம். கயிறு அறுந்த பக்கமிருந்து மஞ்சளும் வெள்ளையுமாக ஒழுகி ரோட்டில் இறங்கியது.

அண்ணன் முட்டையைப் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னமும் பெடல் மேல்தான் இருந்தது. கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தான்.

“இந்த ஷூ கனம்,” என்றான். “செருப்புன்னா தெரியும்.”

நான் இறங்கிப் போய் அவன் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு நட் உருண்டு ரோட்டில் விழுந்து ஓடியது. என் பட்டறையில் தரையெல்லாம் இறைந்து கிடக்கும் நட், விரல் நகம் அளவு இரும்பு. உள்ளங்காலில் அதன் ஆறு பக்கமும் அச்சாகப் பதிந்து கன்றிப்போயிருந்தது. பட்டறையில் ஷூவைக் கழற்றி மாட்டியபோது விழுந்திருக்க வேண்டும். நேற்றிலிருந்து இதன் மேல்தான் நடந்திருக்கிறான், வீட்டுக்கு, கடைக்கு, பண்ணைக்கு.

“இது குத்தலையா உனக்கு?”

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“கண்ணை மூடு,” என்றேன். “நான் தொடும்போது சொல்லு.”

மூடிக்கொண்டான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“ம், தொடுறே,” என்றான். “கட்டைவிரல்ல.”

கண்ணைத் திறந்தவன் என் கை இருந்த இடத்தைப் பார்த்தான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றி வளைந்து போனது.

ஆனால் நான் மெக்கானிக். பழுது என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கைகால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது. “இங்க பாரு, இடது கால்தானே? கிளட்ச்தானே?” என்றேன். “கிளட்ச்சைக் கையில குடுத்துடறேன். கியர்க் கம்பிலேயே ஒரு லீவர். பைக்குல இருக்கே, அதே மாதிரி. எங்க வீட்டுக்காரர் லேத்துல கடைஞ்சு குடுப்பார். காலுக்கு வேலையே கிடையாது. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம், கையோட இதையும் பண்ணிடுவோம்.”

“பண்ண முடியுமா?”

“என்கிட்ட போய்க் கேக்கிறியே!”

அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. “கையிலன்னா இன்னும் மெதுவா விடலாம்,” என்றான். “விரல்லதான் நுணுக்கம் ஜாஸ்தி.” கியர்க் கம்பியைப் பிடித்து, இல்லாத லீவரை அமுக்கி விட்டுப் பார்த்தான். “பண்ணைக்காரர்ட்ட நான் பேசிக்கறேன். இந்த லோடுக்கு நானே பொறுப்புன்னு சொல்லிடறேன். ஒரு மாசம் குடுங்கன்னு கேட்டா மனுஷன் மாட்டேன்னா சொல்லப் போறார்?”

“சொல்ல மாட்டார். எப்படிக் கூட்டிப் பாத்தாலும் பத்துத் தட்டுக்குள்ளதான் போயிருக்கும்.”

“உங்கண்ணி காதுல மட்டும் பக்குவமாப் போடணும்.”

“அது என் பாடு.”

சிரித்தோம். நான் எழுந்து அறுந்த கயிற்றை முடிச்சுப் போடப் போனேன். மனசுக்குள் லீவர் எவ்வளவு நீளம், கம்பி எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று வரைந்துகொண்டே இருந்தேன். உடையாத தட்டுகளை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையில் பட்ட மஞ்சள் கருவைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு திரும்பினால், அண்ணன் வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“அதை ஏன் கழட்டறே?”

“இப்ப வண்டி இறங்கினப்போ முன்னால பாஞ்சுதில்ல?” என்றான். “நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன் பாப்பா. மிதிச்சேன்னுதான் நெனச்சேன். இன்ஜின் கத்தினப்புறம்தான் ஆக்ஸிலரேட்டர்னு தெரிஞ்சுது. அப்புறம் மாத்தி மிதிச்சேன்.”

“அது பதட்டத்துல. யாருக்கும் வர்றதுதான்.”

“இருக்கலாம்.” ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். “எதுக்கும் ஒரு தடவை பாத்துடு. ஸ்கூல் விட்டுப் பசங்க எதிர்ல வர்ற பாதை இது.”

எனக்குப் பார்க்க இஷ்டமில்லை. வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், டாக்டர் பார்க்கட்டும் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. காலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, நான் சொல்லாமலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

ரோட்டோரம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். குதிகாலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

“ம், தொடு,” என்றான்.

இன்னும் அழுத்தினேன். கிளட்ச் ஸ்பிரிங்கையே அமுக்கிப் பழகிய விரல் இது. நகம் வெளுத்துப்போனது. விரலை மேலே நகர்த்தி, உள்ளங்கால் நடுவில் அழுத்தினேன். பெருவிரலைப் பிடித்து முறுக்கினேன்.

“என்ன பாப்பா, தொடுன்னு சொல்றேன்ல?” குரலில் சின்னச் சிரிப்பு இருந்தது. “பயப்படாமத் தொடு. நான் சரியாச் சொல்லுவேன்.”

கண்ணீர் வந்து எனக்கு அந்தக் கால் கலங்கலாகத் தெரிந்தது. அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தொட்டுட்டேண்ணே,” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.